நீலாயதாட்சியின் அளவு

“மூச்சை இழுத்துப் பிடிக்காத பிள்ள. வயித்த விடு.”

சேக் பரீது டேப்பைச் சிறுமியின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். சிறுமி கூச்சத்தில் நெளிந்தாள்.

“கணுக்கால் வரைக்கும் வையுங்க பாய். ரெண்டு வருஷமாச்சும் வரணும் யூனிபாரம்” என்றாள் அஞ்சுகம்.

“வச்சிருவோம் தங்கச்சி.” குனிந்து டேப்பைக் கீழே விட்டார். மறுபடி இடுப்பை அளந்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சிவப்புச் சீட்டிப் பாவாடை இருந்தது. பழையது. மடிப்புகளில் நிறம் வெளுத்திருந்தது.

“பெரியவரு நேத்துதான் குடுத்துட்டுப் போனாரு. ஆடிப்பூரத்துக்கு வருஷா வருஷம் தைக்கிறதுக்கு அளவு. இங்க பாருங்களேன்.” பாவாடையைச் சிறுமியின் இடுப்பில் வைத்துப் பிடித்தார். நாடா இடுப்பில் நின்றது. கரை கணுக்காலில் நின்றது. “அவளுக்குன்னே தச்ச மாதிரி இருக்குல்ல? இனிமே அளவுப் பாவாடை எதுக்கு, பிள்ளையக் கூட்டியாந்தா போதும்.”

அஞ்சுகம் அவர் கையைத் தட்டிவிட்டாள். பாவாடை தையல் மிஷினின் மீது விழுந்தது.

“என்ன தங்கச்சி?”

“ஒண்ணுமில்ல பாய். வர்றோம்.”

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நெடுங்காடு கடைத்தெருவில் நடந்தாள். யூனிபாரம் எப்போது வேண்டும் என்று சொல்லாமலே வந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பாவாடைக்குச் சொந்தக்காரி அஞ்சுகத்தின் நாத்தனார். அஞ்சுகம் அவளைப் பார்த்ததில்லை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், எட்டு வயதில் இறந்துபோனவள். காலையில் தலை வலிக்கிறது என்றாளாம். விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆடிப்பூரத்தன்று பிறந்தாள் என்பதற்காக நாகப்பட்டினத்து அம்மன் பெயரை அவளுக்கு வைத்திருந்தார் அவள் அப்பா குஞ்சிதபாதம். நீலாயதாட்சி.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண், வீட்டுக்குக் கன்னி தெய்வம். அந்த வீட்டில் நடுக்கூடத்துப் பரணில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அதில் சீப்பு, ரிப்பன், மை டப்பி, கண்ணாடி வளையல், ஒரு பாவாடை. வருஷத்துக்கு ஒருமுறை, ஆடிப்பூரத்தன்று, பெட்டியை இறக்கிப் படைப்பார்கள். பழைய பாவாடையை எடுத்து ஏழைப் பெண் யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதுப் பாவாடையை வைப்பார்கள். அளவு மட்டும் மாறுவதில்லை. அவளுடைய பாவாடை ஒன்றைக் குஞ்சிதபாதம் அதற்காகவே தனியாக வைத்திருந்தார்.

இதெல்லாம் அஞ்சுகத்துக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயம் பிறகு வந்தது.

எழுபத்து மூன்றில் அவளுக்குப் பெண் பிறந்தது. தேன்மொழி என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எட்டாம் வகுப்பில் அவளுடன் தேன்மொழி என்று ஒருத்தி படித்தாள். பிரம்பில்லாமல் வகுப்புக்கு வராத கணக்கு வாத்தியார்கூட அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். கோபமாகச் சொல்ல முடியாத பெயர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அஞ்சுகம் அப்போது நினைத்தாள். அவளுடைய பெயரை எல்லோரும் கோபமாகத்தான் சொன்னார்கள்.

அவள் கணவன் சோமசேகரனிடம் சொல்லியும் வைத்திருந்தாள். ஆனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் மாமனார் கொம்யூன் ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிட்டார். அந்த ஆபீசை அவர் கடைசிவரை பிரெஞ்சுக்காரர்கள் சொன்னபடி மேரி என்றுதான் சொன்னார்.

“மேரியில பேரு குடுத்தாச்சு” என்றார். “அவதான் வந்துருக்கா.”

பெயர் சூட்டுகிற அன்று அத்தைதான் குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஒரே அத்தை. குஞ்சிதபாதம் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தொட்டில் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறந்தார். பிறகு தொட்டிலில் குனிந்து, பெட்டியின் சார்பாகத் தானே மூன்று முறை சொன்னார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை கண்ணைத் திறந்தது. வந்திருந்தவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். அஞ்சுகத்துக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது போல வலித்தது.

கன்னியின் பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது. அடிக்கக் கூடாது. குஞ்சிதபாதம் பேத்தியை வாங்க போங்க என்றார்.

“நீலாயதாட்சி, வாங்கம்மா, சாப்புடுங்க. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?”

“ஏண்டி அஞ்சுகம்” என்பாள் பக்கத்து வீட்டு லோகாம்பாள், “ஒங்க மாமனாரு பேத்திய ஊட்டி வளக்குறாரா, சம்பந்திக்குப் பந்தி விசாரிக்கிறாரா?”

அஞ்சுகம் மகளைப் பாப்பா என்று கூப்பிட்டாள். பாப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும், அடுப்புப் பக்கம் போனாலும், ஒருவரும் அதட்டவில்லை. அதட்டப்படாத குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாரோ போல ஆகிக்கொண்டு வந்தது. விருந்தாளி போல. விருந்தாளிகள் கிளம்பிப் போகிறவர்கள் என்ற எண்ணம் அஞ்சுகத்துக்கு ஒருநாள் வந்தது. பிறகு அது போகவில்லை.

ஒவ்வோர் ஆடிப்பூரத்திலும் படையல் முடிந்ததும், புதுப் பாவாடையைக் கொஞ்ச நேரம் பாப்பாவுக்குக் கட்டிவிடுவார்கள். பிறகு பெட்டியில் வைப்பார்கள். குஞ்சிதபாதம் தன் கையாலேயே கட்டுவார். முதல் வருஷங்களில் பாவாடை குழந்தையை மூடிக்கொண்டு தரையில் கிடந்தது. அப்புறம் இடுப்பில் நான்கு மடிப்பு மடித்துச் செருகினார். அப்புறம் மூன்று. போன வருஷம் ஒரே ஒரு மடிப்பு. அஞ்சுகம் சமையற்கட்டு நிலைப்படியில் நின்று மடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருஷம் பாப்பாவுக்கு எட்டு வயது. சேக் பரீது கடையிலிருந்து வந்த அன்று அவள் சோமசேகரனிடம் சொன்னாள். அவன் மின் துறையில் வயர்மேன். கம்பத்தில் ஏறி இறங்கிய களைப்பில் உட்கார்ந்திருந்தான்.

“அளவு சரியா வந்துருச்சுங்க.”

“எந்த அளவு?”

“அந்தப் பாவாடை.”

“வந்தா என்ன, பிள்ள வளராம குட்டையாவே இருக்கணுங்குறியா?”

“அந்தப் பேரு வேணாங்க. பள்ளிக்கூடத்துல சொல்லி மாத்திருவோம்.”

“பேருல என்னடி இருக்கு? எங்க செக்‌ஷன்ல வீரமணின்னு ஒருத்தன் இருக்கான். ஏணியில ரெண்டு படி ஏறுனா பேன்ட்டுலயே போயிருவான்.” சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க அவளப் பேரு சொல்லி ஒருநாளாச்சும் கூப்புட்டுருக்கீங்களா?”

அவன் சிரிப்பு நின்றது. அவன் மகளை, ஏ பிள்ள, என்பான். இல்லாவிட்டால் வாயால் ஓர் ஒலி எழுப்புவான். அக்கா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது.

“தலை வலிக்குதுன்னு எங்கிட்டதான் மொதல்ல சொன்னுச்சு” என்றான். “நான் வெளாடப் போயிட்டேன்.” துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். பத்து வருஷத்தில் அவன் அதைச் சொன்னதில்லை. அவனும் பயந்துகொண்டுதான் இருக்கிறான் என்று தெரிந்தபோது அவளுடைய பயம் இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் காலை பாப்பா புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது.

“அம்மா, தல வலிக்குது.”

அஞ்சுகம் கையிலிருந்த வாணலியைக் கீழே வைத்தாள். நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். அக்குளில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. தன் கைதான் அடுப்புச் சூட்டில் இருக்கிறதோ என்று தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி தொட்டாள். குழந்தையைப் பாயில் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் எதுவோ தீய்ந்தது. எழுந்து போகவில்லை.

மத்தியானம் பாப்பா எழுந்து கோழியைத் துரத்தியது. “வீட்டுப்பாடம் எழுதலம்மா. அதான்” என்றது.

அடிப்பதற்குக் கை எழுந்தது. அடிக்க முடியவில்லை. அடிக்கக் கூடிய குழந்தையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனாள்.

“எப்ப வேணும்னு சொல்லாமப் போயிட்டீங்களே தங்கச்சி. வெட்டி வச்சுட்டேன்.”

“அது இருக்கட்டும் பாய். படையல் பாவாடைய வெட்டிட்டீங்களா?”

“இனிமேதான்.”

“பெரிசா வெட்டுங்க. ஒரு சாண் கூட.”

சேக் பரீது மிஷினை மிதிப்பதை நிறுத்தினார். “பெரியவரு அளவுல்ல குடுத்துருக்காரு.”

“நான் சொல்றேன்ல.”

“அமானிதம்மா அது. நம்பிக் குடுத்தது. எங்கத்தா காலத்துலேருந்து இதே அளவுதான் தைக்கிறோம். நான் கூட்டுனேன்னு வையிங்க, நாளைக்கு அந்த மனுசன் மொகத்துல எப்புடி முழிப்பேன்?”

“அளவு எம்புள்ளைக்குச் சரியா இருக்குன்னு சொன்னது நீங்கதானே பாய்?”

அவர் செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அஞ்சுகத்துக்குத் தெரிந்தது. அவர் முகம் சுருங்கியது.

“நான் யோசிக்கல தங்கச்சி. வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

“அவங்க மட்டும் ஏன் அதே எடத்துல நிக்கணும்? எம்புள்ள போயி அவங்களத் தொடுற வரைக்கும் நிக்கணுமா? நடக்கட்டும். முன்னாடி போய்க்கிட்டே இருக்கட்டும். நாங்க பின்னாடியே வர்றோம்.”

சொன்ன பிறகுதான் இதை யோசித்துக்கொண்டுதான் வந்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது. சேக் பரீது புதுத் துணியை விரித்தார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வழக்கமான இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கோடு போட்டார்.

ஆடிப்பூரத்தன்று வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. குஞ்சிதபாதம் குளித்துவிட்டு வந்து பெட்டியை இறக்கினார். சர்க்கரைப் பொங்கலும் அதிரசமும் வைத்தார்கள். செத்தவளுக்குப் பிடித்த கமர்கட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. சோமசேகரன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

“நீலாயதாட்சி, வாங்கம்மா.”

பாப்பா போய் நின்றது. குஞ்சிதபாதம் பாவாடையை உதறிக் கட்டினார். கரை தரையில் விழுந்தது. பழக்கத்தில் அவர் கை மடித்துச் செருகப் போனது. பாதியில் நின்றது. நாடாவை அவிழ்த்தார். பாவாடையைத் தரையில் விரித்துச் சாண் போட்டு அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

“பாய் அளவ மாத்திட்டாரா?”

அஞ்சுகம் நிலைப்படிக்கு வந்தாள்.

“நாந்தான் மாமா சொன்னேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அவரை எதிர்த்து அவள் ஒரு சொல் பேசியதில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தன வருஷம் ஆயிப் போச்சு. அவங்களும் வளந்துருப்பாங்கல்ல மாமா? அதே பாவாடையக் குடுத்தா எப்புடிக் கட்டுவாங்க?”

“தாத்தா, குளிருது” என்றது பாப்பா.

குஞ்சிதபாதம் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு பாவாடையை எடுத்துப் பேத்திக்குக் கட்டினார். மடிக்கவில்லை.

“நடங்கம்மா. போயி வெளக்கக் கும்புடுங்க.”

பாப்பா ஓர் எட்டு வைத்தது. கரை காலில் சிக்கியது. முன்னால் சாய்ந்தபோது கை குத்துவிளக்கில் பட்டது. விளக்கு ஆடியது. எண்ணெய் சிந்தியது.

“ஏய்! கண்ணு தெரியலையா மூதேவி? பாத்து நடடி!”

விளக்கைப் பிடித்தது குஞ்சிதபாதம். கத்தியதும் அவர்தான். பாப்பா அவரைப் பார்த்தது. அதன் வாய் கோணியது. பிறகு, ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அழுவது போல, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதது.

அஞ்சுகம் ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டாள். கிழவர் விளக்கை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாவாடையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது சொன்னார். “அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூட வைக்கச் சொல்லு. அதுக்கப்புறம் தாவணி எடுக்கணும். பெரியவளானா சடங்கு செய்யணும். நான் இருப்பனோ இல்லையோ. நீதான் பாத்துக்கணும்.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் பெட்டியைப் பரணில் ஏற்றினார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பரணைப் பார்த்தபடி நின்றாள். அங்கே ஒருத்தி இனிமேல் வளர்வாள். வளர்ந்தால் என்னென்ன கேட்பாள் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள் இருந்தது. பாப்பா பழைய யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு போனது. சோமசேகரன் கோட்டுச்சேரிப் பக்கம் லைன் வேலைக்குப் போனான். பத்து மணிக்கு சேக் பரீது கடைப் பையன் வந்து புது யூனிபாரத்தையும் பழைய அளவுப் பாவாடை இருந்த செய்தித்தாள் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டுப் போனான். அஞ்சுகம் யூனிபாரத்தைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று மாமனாரிடம் கேட்டாள். எங்கயாச்சும் வையி என்றார். அரிசிப் பானைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தாள். பிறகு எடுத்துத் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பாப்பா ஒரு மணிக்கு வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. மிச்சமிருந்த அதிரசத்தைச் சாப்பிட்டுவிட்டு அது லோகாம்பாள் வீட்டுக்கு விளையாடப் போனது. சாயங்காலம் சிறிது தூறியது. கொடியில் கிடந்த யூனிபாரத்தை எடுத்து உள்ளே போட்டாள்.