வலது காதுத் தோடு

என் அண்ணிக்கு இடது கைப் பழக்கம். வெள்ளிக் கம்பியைக் குறட்டால் வளைத்து, கூழாங்கல்லைச் சுற்றிப் பின்னித் தோடும் பதக்கமும் செய்வார். கல்லில் துளை மட்டும் போடவே மாட்டார். "அது பாட்டுக்கு இருந்த கல்லு. அதுக்கு எதுக்கு வலிக்கணும்?" என்பார். கல்லுக்கு இவ்வளவு இரக்கம் காட்டுகிறவர், ஓர் ஆணி பிடுங்க நான் அவர் குறட்டை எடுத்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதை அண்ணன்கூடத் தொடக்கூடாது. இத்தனைக்கும் வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலை பார்ப்பவர் அண்ணன். கம்பியை நம்பியே பிழைக்கிற மனுஷன்.

போன மாதம் ஒரு நர்ஸ் இரண்டு கூழாங்கற்களைக் கொண்டுவந்தார். இறந்துபோன அப்பா ஆற்றில் பொறுக்கிக் கொடுத்தவையாம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது தோடாகப் போட்டுக்கொண்டு போக ஆசை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தருவதாக அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு தோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கம்பி துள்ளி இடது ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். மூன்று தையல். வழியெல்லாம் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அந்தப் பொண்ணு நாளைக்குக் கிளம்புது. ஒத்தைத் தோட்டை வச்சுக்கிட்டு என்ன செய்யும்?" இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், அண்ணியின் நாற்காலியில் அண்ணன். கையில் அதே குறடு. மேஜையில் இரண்டாவது தோடு. ஆழம் தெரியாமல் காலை விடுவது அண்ணனுக்குப் புதிதில்லை. 

அண்ணி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "என் சுத்து இடப்பக்கமா போகும். நீங்க வலப்பக்கமா சுத்தியிருக்கீங்க."

"எனக்கு வலது கைதானே வரும்," என்றார் அண்ணன், தலையைச் சொறிந்துகொண்டு. "பிரிச்சிடவா?"

 அண்ணி கண்ணாடி முன் போய் இரண்டையும் காதருகே பிடித்துப் பார்த்தார். இரண்டு சுருளும் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"பத்து வருஷமா என் ஜோடியில என்னமோ உறுத்துச்சுங்க," என்றார் மெதுவாக. "ரெண்டும் ஒரே பக்கமா திரும்பிக்கிட்டு நிக்கும். இப்பத்தான் ஒண்ணை ஒண்ணு பார்க்குது."

நர்ஸ் வந்து போட்டுப் பார்த்தார்.  "ரெண்டும் நீங்களே செஞ்சதாக்கா?" என்று கேட்டார்.

"இந்தக் காது நான். அந்தக் காது இவரு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் என் அண்ணி. அவர் வாயிலிருந்துதான் அப்படி வந்தது.

விரல் ஆறி மூன்று வாரம் ஆகிறது. மேஜைக்கு இரண்டாவது நாற்காலி வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அண்ணன் வலது காதுத் தோட்டைச் சுற்ற உட்காருகிறார். "இறுக்காதீங்க, கல்லுக்கு வலிக்கும்," என்று அண்ணி அதட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் அந்தக் குறட்டைத் தொட அனுமதி இல்லை.