ஒரு வாரத்து அறையும் இரண்டு பெயர்களும்

கண்ணாடிக்கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை. "அந்த அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். பதினெட்டு வருடமாக லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. ஃபிரேமை முகத்தில் மாட்டி, காதோரம் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தே எந்தப் பக்கக் கம்பி தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று நான்காம் முறையாக வந்த தலைமை ஆசிரியரிடம், "கண்ணாடி சரியாத்தான் இருக்கு சார், நீங்கதான் எந்நேரமும் குனிஞ்சே முறைக்கறீங்க" என்று சொல்லி, அவரையே சிரிக்க வைத்தவள்.

வயது நாற்பத்துநான்கு. விவாகரத்தாகி ஆறு வருடம். மகள் வெளியூர்க் கல்லூரி விடுதியில். மாடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு.

முதலாளிக்கு முட்டி வலி. ஒருநாள் கடையைத் திறந்ததும் சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டு, "என்னால இனி படி ஏற முடியாதும்மா. வேற யாருக்கோ குடுக்கறதுக்குப் பதிலா கடையை நீயே எடுத்துக்கோயேன்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்தாள்.

பத்தாவது நாள் வங்கி மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பெண்மணி. போன வருடம் இவளிடம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டவர்.

"உங்களுக்குக் கடன் குடுக்க முடியலையேம்மா. ஏற்கெனவே ஒரு கடன்ல பத்து மாசமா தவணை கட்டலைன்னு வருது."

அவள் சிரித்துவிட்டாள். "மேடம், வேற யாரோட பேப்பரோ மாறி வந்திருக்கு. நான் யார்கிட்டயும் கைமாத்துகூட வாங்கினதில்ல."

மேலாளர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயர். தலைப்பெழுத்து. பிறந்த தேதி. பழைய வீட்டு முகவரி. கீழே முன்னாள் கணவரின் பெயர். இரண்டுக்கும் நடுவில் 'கூட்டுக் கடன்' என்ற சொல். அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

கடன் எதற்கென்று பார்த்ததும் நினைவு வந்தது. பதினோரு வருடத்துக்கு முன், பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏரிக்கரை விடுதி ஒன்றில் ஓர் அறை. ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் அது நமக்குச் சொந்தம். டைம்ஷேர் என்றார்கள். பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம், நிதி நிறுவனம் கொடுக்கும், பதினைந்து வருடத்தில் அடைத்தால் போதும். யாராவது கையெழுத்துப் போட்டால் மண்டபமே கை தட்டியது. மடியில் மகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். கணவர் போட்டதும், விரல் காட்டிய இடத்திலெல்லாம் இவளும் கையெழுத்துப் போட்டாள். அந்த அறைக்குப் போனது மொத்தம் இரண்டே முறை. பிரிந்தபோது அவர், "அதை நான் பார்த்துக்கறேன். உன் பேரை எடுத்தாச்சு" என்றார். அந்த ஒரு விஷயத்திலாவது மனுஷன் ஒழுங்காக நடந்துகொண்டாரே என்று அப்போது நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை நிதி நிறுவனத்துக்குப் போனாள். அங்கே சளி பிடித்த ஓர் அதிகாரி, மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க பிரிஞ்சது உங்களுக்குள்ள. எங்ககிட்ட ரெண்டு பேரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவர் கட்டலைன்னா உங்ககிட்ட முழுசாத்தான் கேட்போம், பாதி இல்ல."

"என் பேரை எடுக்கவே முடியாதா?"

"முடியும். நின்ன தவணை தீரணும். உங்க இடத்துக்கு, கட்டக்கூடிய ஒருத்தர் வரணும். அதுக்கு அவரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்." கோப்பைப் புரட்டிக்கொண்டே, "தவணைதான் நிக்குதே தவிர, அறையை வருஷா வருஷம் பயன்படுத்திட்டுத்தானே இருக்கீங்க?" என்றார்.

"யாரு?"

"உங்க வீட்டுலதான். பங்குதாரருக்கு என்ன உறவுன்னு கேட்ட இடத்துல 'அக்கா'ன்னு போட்டிருக்கே."

விடுதி அனுப்பிய பதிவுத் தாளைத் திருப்பிக் காட்டினார். அந்தக் குண்டு குண்டான எழுத்து யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருடம், ஐந்து கையெழுத்து. ஒவ்வொன்றும் அவளுடைய சொந்த அக்கா போட்டது.

வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்கா பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வருடத்தில் ஒரு வாரம் வெளியூரில் பயிற்சி என்று பெட்டியோடு கிளம்புவாள். அந்தப் பெட்டியை ஒரு தடவை பேருந்து நிலையம் வரை இவளே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். பேருந்தில் திரும்பும்போது மனதில் ஒரு நினைப்பு எழுந்தது. நினைக்கவே கூடாத நினைப்பு. ஆனாலும் அது போகவில்லை.

அக்கா வீட்டில் எப்போதும் ஏழு பேர். கணவர், மாமனார், மாமியார், இரண்டு மகன்கள், கொழுந்தன், அவள். பணி முடிந்து வந்த அக்கா, சீருடைகூட மாற்றாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"ஏரிக்கரைக்கு என் மாஜி புருஷனோடயா போனே?"

மடித்த துண்டு அக்கா கையிலிருந்து நழுவியது.

"ச்சீ! என்ன பேச்சுடி இது? தனியாப் போனேன்."

"தனியாவா? ஒரு வாரமா? போய் என்ன பண்ணே?"

"தூங்கினேன்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"முதல் வருஷம் மூணு நாள் தூங்கினேன்டி. எழுந்தா சாப்பாடு வருது. சாப்பிட்ட தட்டை வேற யாரோ வந்து எடுத்துட்டுப் போறாங்க. அதைப் பார்த்து அழுதேன், பைத்தியக்காரி மாதிரி. அங்கே மருத்துவமனை, இங்கே இவங்க. எந்நேரமும் யாராவது கூப்பிட்டுட்டே இருப்பாங்க. ஏரிக்கரையில யாருமே கூப்பிடல."

முன்னாள் கணவர் தன் அம்மாவின் சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் ஆரம்பித்ததாம். அறை சும்மா கிடக்கிறது, தவணையை நீங்கள் கொடுத்தால் நீங்களே போய்க்கொள்ளலாம் என்றாராம். மாதா மாதம் அவருக்குத்தான் அனுப்பியிருக்கிறாள்.

"அதுல என் பேரு இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ பேரை எடுக்கணும்னு நிப்பே. அறை கைவிட்டுப் போயிடும். அதான் சொல்லல."

அக்கா பொய் சொல்லியிருந்தால்கூட இவளால் தாங்கியிருக்க முடியும். இவ்வளவு நேராகச் சொன்னதுதான் பொறியில் அறைந்தது போலிருந்தது. அக்கா தனக்கென்று எதையும் கேட்டு இவள் பார்த்ததே இல்லை. முதல் தடவையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டு, அதைத் தங்கையின் தலையில் வைத்திருக்கிறாள்.

"பத்து மாசமா தவணை கட்டலையாம். என் கடை போச்சு" என்றாள்.

இப்போது அக்காவின் முகம் வெளுத்தது. "போன மாசம்கூட அனுப்பினேனே!"

மறுநாள் இருவரும் சேர்ந்து டைல்ஸ் ஷோரூமுக்குப் போனார்கள். முன்னாள் கணவர் அங்கே விற்பனைப் பிரிவில் இருந்தார். ஒரு தம்பதிக்குக் குளியலறைக் கல் காட்டிக்கொண்டிருந்தவர், அக்காவும் தங்கையும் சேர்ந்து நுழைவதைக் கண்டதுமே கல்லைக் கீழே வைத்துவிட்டார்.

"வியாபாரம் மந்தம்... கட்டிடலாம்னுதான்... ஒரு மாசம் தள்ளிப்போச்சு, அப்படியே..."

"பத்து மாசம்" என்றாள் தங்கை. "என் பேரை எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே, எந்த ஆபீஸ்ல எடுத்தீங்க?"

அவர் காலடியில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கப் போகவே இல்லை என்பது அப்போதுதான் இவளுக்கு விளங்கியது. ஆறு வருடமாக அவர் அந்த அலுவலகத்தின் படிகூட ஏறவில்லை.

அக்கா பணம் அனுப்பிய விவரங்களைத் தொலைபேசியில் திறந்து அவர் முன் நீட்டினாள். நோயாளிகளிடம் பேசுகிற அந்தக் குரலில், "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அங்க இருக்கீங்க. நின்ன தவணையோட. வரலைன்னா நான் தினமும் இங்க வந்து உட்காருவேன். எனக்கு லீவு நிறைய இருக்கு" என்றாள்.

வந்தார். பைக்கை விற்றுவிட்டு, பேருந்தில் வந்தார்.

அதிகாரி கேட்டார், "இவங்க இடத்துக்கு யார் வர்றது?"

"நான்" என்றாள் அக்கா. "அவர் இடத்துக்கும் நானே வர்றேன். என் சம்பளம் போதுமான்னு பாருங்க."

"கடிதமெல்லாம் உங்க வீட்டு முகவரிக்குத்தான் வரும், பரவாயில்லையா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "வரட்டும்."

முதல் கடிதத்தை மாமனார்தான் பிரித்தார். பயிற்சி என்ற கதை அன்றோடு முடிந்தது. வீட்டில் அன்று என்ன நடந்தது என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்தன் சமைக்கக் கற்றுக்கொள்கிறான் என்று மட்டும் பின்னால் தெரிய வந்தது.

நாற்பது நாள் கழித்து இவளுக்கு விடுவிப்புக் கடிதம் கிடைத்தது. 'மேற்கண்ட ஒப்பந்தத்தின் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார்.' அதிகாரியின் மேசை முன் நின்றபடியே மூன்று முறை படித்தாள். முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. இன்னொரு முறை குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது வரவில்லை. தெரியாமலே ஆறு வருடம் ஒருவரோடு கட்டப்பட்டுக் கிடந்திருக்கிறோம் என்ற அதிர்ச்சி, கட்டு அவிழ்ந்த பிறகுதான் முழுதாக வந்து சேர்ந்தது.

இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. வங்கிக் கடன் கிடைத்தது. கடை கைமாறியது. பலகையை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, திறக்கிற நாளைக் குறித்த பிறகு இவளே போன் செய்தாள்.

"பதினாலாம் தேதி கடை திறக்கறேன். வந்துடு."

"பன்னிரண்டுல இருந்து ஏரிக்கரையில என் வாரம்டி" என்றாள் அக்கா.

இவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தேதியை மாற்றிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பதினாலாம் தேதி மகள் வந்தாள், பழைய முதலாளி கைத்தடியோடு வந்தார், தலைமை ஆசிரியர் வந்தார். மதியம் கூட்டம் குறைந்ததும் அக்காவுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தாள். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது.