சலாம் வைக்காத கை

செய்தி வந்தபோது என் கையில் வாடப் போட்டிருந்த தேயிலைக் கொழுந்து ஒரு பிடி இருந்தது. பதம் பார்ப்பதற்காக இறுக்கிப் பிடித்திருந்தேன். தேயிலைப் பெட்டிக்குப் பலகை ஏற்றிவந்த லொறி டிரைவர் படியேறி, கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு வந்து, "டீமேக்கர் வேலாயுதம் ஐயா தவறிட்டாருங்க. றொசல்லயில நாளைக்குக் காலையில எடுக்கறாங்க" என்றார். கையை விரித்தேன். கொழுந்து உருண்டையாகவே நின்றது. நல்ல பதம். அந்த நேரத்திலும் அதைத்தான் கவனித்தேன் என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்த நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வாயால் சொல்லியாக வேண்டும்.

றொசல்ல தொழிற்சாலையில் அவர் டீமேக்கர்; இலை பச்சையாக வந்து இறங்குவதிலிருந்து தேயிலையாகப் பெட்டிக்குள் போகும்வரை அவர் பொறுப்பு. நான் கீழே ரோலர் காம்பராவில், கொழுந்தைச் சுருட்டும் இயந்திரங்கள் ஓடும் அறையில், கொழுந்து அள்ளிப் போடும் ஆள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. விபத்து நடந்த அன்று நல்ல பனி. காதை மூடித் தலையில் துண்டு கட்டியிருந்தேன். தோட்டத்து அதிகாரியான துரை உள்ளே வருவதைக் கண்டதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தலைத்துண்டை அவசரமாக அவிழ்த்துக்கொண்டே சலாம் வைக்கக் கையைத் தூக்கினேன். துண்டின் முனை பின்னால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரப் பெல்ட்டில் விழுந்தது. மறுமுனை என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

நான் கத்தினேனா என்பது ஞாபகமில்லை. வேலாயுதம் ஐயா பாய்ந்து வந்து என் கையிலிருந்து துண்டை உருவி எறிந்தது ஞாபகமிருக்கிறது. துண்டோடு அவருடைய வலது கையும் சக்கரத்துக்குள் போனது. பெல்ட்டைத் தள்ளி இயந்திரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் அவருக்கு மிஞ்சின. எனக்கு மணிக்கட்டில் ஒரு தழும்பு. அவ்வளவுதான்.

கவனமில்லாதவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை, குடும்பத்தோடு லயத்து வீட்டைக் காலி பண்ணட்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வேலாயுதம் ஐயாவைப் பார்க்கத் துரை வந்தபோது, நான் கதவோரம் மூட்டை கட்டாத குறையாக நின்றிருந்தேன். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு என்னிடம் ஐயாவே சொன்னார்: "அவன் கவனமாத்தான் இருந்தான் தொரை, ஆனா உங்க மேல கவனமா இருந்தான்னேன். மனுசன் உத்தரவைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அழுதேன். "ஏன்டா அழுவுற? குத்தம் உன் மேல இல்ல. மெஷின் ஓடுற எடத்துல துண்டையும் சலாமையும் உள்ள விட்டோம் பாரு, அதுதான் குத்தம்" என்றார்.

கட்டுப்போட்ட கையோடு வேலைக்குத் திரும்பியவர் முதலில் கேட்டது சுத்தியலும் ஆணியும். வாசலுக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணி அடிக்கச் சொன்னார். தலைத்துண்டு, தோள்துண்டு, கம்பளி எல்லாம் அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டையை இறுக்கி முடிய வேண்டும். பெல்ட்டுகளைச் சுற்றிக் கம்பிவலை வந்தது. சல்லடைக் காம்பராவில் தேயிலைத் தூசிக்கு வாயைக் கட்டிக்கொள்ளத் துணி வந்தது. தீபாவளிக்கு மறுநாள் புது வேட்டியைத் தரையில் புரளவிட்டு வந்த ஒருவனை, "மாப்பிள்ளை, பொண்ணு இங்க இல்ல, வீட்டுக்குப் போயி மடிச்சுக் கட்டிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். காம்பராவே சிரித்தது.

இதெல்லாம் நடந்துவிட்டது. ஆனால் உள்ளே யாருக்கும் சலாம் கிடையாது, துரையே வந்தாலும் கண் இயந்திரத்தில்தான் இருக்கவேண்டும் என்று சொன்னபோதுதான் எல்லோரும் நடுங்கிப் போனார்கள். பெரிய கங்காணி நேரிலேயே வந்து, "தொரைக்குச் சலாம் வைக்காத கை என்னா கைங்க?" என்று கேட்டார். வேலாயுதம் ஐயா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைதாங்க. இதால இனிமே வைக்க முடியாது. தொரை என்னைய வெரட்டிட்டாரா?" பெரிய கங்காணி வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். துரையும் முகத்தைச் சுளித்தபடி அந்த விதியை ஏற்றுக்கொண்டார். அதன்பிறகு அந்தக் காம்பராவில் யாருக்கும் ரத்தக்காயம் பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் டீமேக்கருக்கு வலது கைதான் எல்லாம். வாடிய கொழுந்தைப் பிடித்துப் பார்த்துத்தான், ரோலருக்கு அனுப்பலாமா, இன்னும் கிடக்கட்டுமா என்று முடிவு செய்யவேண்டும். இரண்டு விரலுக்கு அது பிடிபடவில்லை. இடது கைக்கும் பழகவில்லை. அதனால் என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நான் பிடிப்பேன், அவர் கேட்பார். "விரிச்சா ஒடையுதா? காம்பு முறியுதா, வளையுதா? கை ஈரமாகுதா?" நான் சொல்லச் சொல்ல அவர் தீர்மானிப்பார். அப்படியே பல வருடங்கள் போயின. அவர் இழந்தது எனக்குத் தெரியாமலே என் உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது நான் இருக்கும் பூண்டுலோயாத் தோட்டத்தில் டீமேக்கர் வேலை காலியானபோது, ரோலர் காம்பரா ஆளான எனக்கு அதை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஊரெல்லாம் என்னை வாழ்த்தியது. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் பூண்டுலோயாவுக்கு என்னைப் பார்க்க வந்தார். வாசலில் ஆணிகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உள்ளே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் துரை வந்தார். காம்பரா முழுவதும் கை தூக்கியது. என் கைதான் முதலில் எழுந்தது. வெளியே வந்ததும் அவர், "ஆணி அடிச்சிருக்கீங்க, ரொம்பச் சந்தோசம். சலாமை மட்டும் ஏன் உள்ள விட்டீங்க?" என்றார். அதுவரை என்னை 'டா' போட்டுப் பேசிய மனிதர். அந்த 'நீங்க' என்னைச் சுட்டது. "இந்தத் தொரை வேற மாதிரிங்க ஐயா, கோவக்காரரு" என்றேன். "இருக்கலாம். பெல்ட்டுக்கு எல்லாத் தொரையும் ஒண்ணுதான்" என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதுதான் கடைசி.

செய்தி கிடைத்த மறுநாள், எடுப்பதற்குள் றொசல்லவுக்குப் போய்ச் சேர்ந்தேன். குளிப்பாட்டி, நெற்றிக்குத் திருநீறிட்டு, கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். விரல் இல்லாத கையைத் துணியால் மூடப் போனவர்களை அவர் மனைவி தடுத்துவிட்டார். என்னைக் கண்டதும், "வந்துட்டீங்களா? யாராவது கையைப் பத்திக் கேட்டா, 'அது பூண்டுலோயாவுல நல்லா இருக்கு, டீமேக்கரா இருக்கு'ன்னு சிரிப்பாருங்க" என்று சொல்லி அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் கொடுத்த கை பூண்டுலோயாவில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கல்லவா தெரியும்.

திரும்பி வந்த மறுநாள் காலை ரோலர் காம்பராவில் எல்லோரையும் நிறுத்தி, "இனிமே உள்ள சலாம் இல்ல. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னாங்க செய்றது?" என்று ஒரு பெண் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் துரை வந்தார். ஒரு கையும் எழவில்லை. பாதித் தூரம் நடந்தவர் நின்று என்னைப் பார்த்தார். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "திங்கட்கிழமை ஆபீசுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். நாளை இந்த வேலை இருக்குமா, லயக்காம்பராவுக்கே திரும்ப வேண்டியிருக்குமா, தெரியாது. அதைவிட, அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதை அவர் போனபிறகு செய்தேனே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்த வலது கை ஒன்றுதான். நாளை ஆபீஸ் வாசலில், எந்தச் சக்கரமும் சுற்றாத இடத்தில், துரைக்கு முறையாகச் சலாம் வைப்பேன். ரோலர் காம்பராவுக்குள் இது எழாது. இது என்னுடைய கை இல்லை.