பேசாவிட்டால் சிவப்பு

அந்தப் பெட்டியை எடுக்கக் கூடாது என்று துறைத்தலைவர் சொல்லி முடிப்பதற்குள் அக்சா அலமாரியைத் திறந்துவிட்டாள்.

“அது வெளிநாட்டுக் கம்பெனி காலேஜுக்குக் கொடுத்தது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா காட்டறதுக்கு வெச்சிருக்கோம். உடைஞ்சா யாரும்மா பொறுப்பு?”

“நான்தான் சார். காட்டறதுக்குன்னா போட்டோவே போதுமே. வேலை செய்யறதுக்குத்தானே கொடுத்திருக்காங்க?”

பெட்டி அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போனது. ஒளித்து எடுத்துப்போகவில்லை. அவர் கண் முன்னால்தான் ஜிப்பை இழுத்து மூடினாள்.

2007-ஆம் வருடம் அது. வாலாஜாபேட்டைக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அக்சா எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு ஆம்பூரில். சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பெட்டியைத் திறந்தாள். தீப்பெட்டி அகலம்கூட இல்லாத இரண்டு பச்சை போர்டுகள். நடுவில் ஒரு கறுப்புச் சில்லு. கணக்குப் போடுவதும் அதுதான், ரேடியோவில் பேசுவதும் அதுதான். ஓரத்தில் நெளிநெளியாக அச்சடித்திருந்த செம்புக்கோடுதான் ஏரியல். ஒரு பொத்தான், சிவப்பும் பச்சையுமாக இரண்டு குட்டி விளக்குகள், வெளியிலிருந்து வேறு கருவிகளைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ள ஒரு வரிசை ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பென்சில் பேட்டரி போதும்.

வீட்டுக்கு வந்து அது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அளந்தாள். அதற்கென்றே போர்டில் ஒரு சின்ன இணைப்பு இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைக்கலாம். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. பியூஸ் போய்விட்டதென்று நினைத்து மீட்டரைக் கழற்றியே பார்த்துவிட்டாள். பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. போர்டு தூங்கிக்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு விழித்து, பார்த்ததைச் சொல்லிவிட்டு, மறுபடி தூங்கிவிடும் சாதி அது. கம்பியே இல்லாமல் மாதக்கணக்கில் ஒரு இடத்தில் காவல் இருக்கும்.

எந்த இடத்தில் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய அப்பா ஜேக்கப், ஊருக்கு வெளியே தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டியவர். 1996-ல் ஒரு நாள் கழிவுத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. அவரையும் கூட வேலை பார்த்த மூர்த்தியையும் இறங்கச் சொன்னார்கள். சுண்ணாம்புக் குழியின் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் கலந்தால் ஒரு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டாலோ மூக்கே மரத்துப்போய், நாற்றம் இல்லாததுபோல் தோன்றும். ஜேக்கப் குனிந்து முகர்ந்துவிட்டு, “நாத்தம் போய்டுச்சு மூர்த்தி, வா” என்று ஏணியில் கால் வைத்தார். மேல்படியில் நின்ற மூர்த்தியை இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். ஜேக்கப்பை மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

குடித்துவிட்டு இறங்கினார் என்று டேனரியில் சொன்னார்கள். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அக்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா பொன்மலர் அந்த கேட்டின் முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். அன்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “சர்ச்சுல ராப்போஜனத்துல குடுக்கற திராட்சரசத்தத் தவிர என் புருஷன் வாயில எதுவும் பட்டதில்ல. எவன் சொன்னான், வெளிய வரச் சொல்லு!”

யாரும் வரவில்லை. அன்றிலிருந்து பொன்மலர் அந்தச் சாலை வழியே போவதில்லை. ஆஸ்பத்திரிக்குச் சுற்றுவழியில் நடந்தாள்.

அதனால் மகள் போர்டை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் இறுகிவிட்டது. “வேற எங்கியாவது கொண்டுபோய் வெய்யி. அந்த கேட்டுக்கு நீ போகாத.”

“அந்தத் தொட்டியில இன்னும் ஆளுங்க எறங்கறாங்கம்மா.”

“தெரியும். தெனம் அதத்தான் நெனச்சிக்கினு படுக்கறேன்” என்று பொன்மலர் எழுந்து போய்விட்டாள். அதற்குமேல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை.

மூர்த்தி இப்போது அதே டேனரியில் தொட்டி கழுவும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவரிடம் போனாள்.

“பாப்பா, நம்ம எலெக்ட்ரீஷியன் சத்தார் பாய் ஒரு தடவ சைரன் கட்டிப் பாத்தாரு. அந்த காத்து ஒயரயே தின்னுட்ச்சி. ஒரே வாரத்துல செம்பு கருகிப் போச்சு.”

“இதுக்கு ஒயரே கெடையாது மாமா.”

வாயுவை உணரும் சென்சாரைச் சென்னையில் தேடிப் பிடித்து ஊசிகளில் மாட்டினாள். சென்சாரின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி மற்றதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மெழுகினாள். ஒரு போர்டு உள்ளே தொங்க வேண்டும். இன்னொன்று வெளியே கையில் இருந்து பச்சையோ சிவப்போ காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு பக்ருன்னிசா அக்காவின் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பார்த்தாள். மூடியைப் போட்டதும் இரண்டு போர்டுகளுக்கும் நடுவே பேச்சு நின்றுவிட்டது. ஈரக் கான்கிரீட், அதற்குள் கம்பி. ரேடியோ வெளியே வர முடியவில்லை. வெளிப் போர்டில் மட்டும் பச்சை நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியாகக் கேட்டது நல்ல சேதி என்பதால் அதையே பிடித்துக்கொண்டு நின்றது அது.

அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே அக்சா மூடியைத் தள்ளினாள். இதை நம்பி ஒருவன் இறங்கியிருப்பானே!

அச்சடித்த ஏரியலை விட்டுவிட்டு, போர்டில் இருந்த இன்னொரு இணைப்பில் வெளி ஏரியலை மாட்டலாம். அதற்கு எள்ளளவு உறுப்பு ஒன்றைப் பெயர்த்து இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். முதல் தடவை அது சாமணத்திலிருந்து தெறித்துத் தரையில் காணாமல் போனது. லேபிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து பற்றவைத்தாள். ஏரியலை, வாயு புகாமல் உறையிட்ட ஒரு கேபிளில் தொட்டியின் வாய்வரை ஏற்றினாள். பிறகு புரோகிராமைத் தலைகீழாக்கினாள். உள்ளேயிருந்து ‘நல்லா இருக்கு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் பச்சை. கெட்டது சொன்னாலும் சிவப்பு. ஒன்றுமே சொல்லாவிட்டாலும் சிவப்பு.

அடுத்த ஆண்டு கோடையில் தொட்டி கழுவும் நாள் வந்தது. தோல் ஓரம் செதுக்கும் பெண்கள் காலை ஷிப்டுக்குப் போனபோது, அவர்களோடு ஒருத்தியாக அக்சாவும் உள்ளே நுழைந்தாள். தொட்டியோரம் மூர்த்தியும் ஆட்களும் நின்றார்கள். டப்பாவைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். கையிலிருந்த போர்டில் சிவப்பு எரிந்தது.

மேனேஜர் இளம்பரிதி வந்தார். “யாரு நீ? யாரக் கேட்டு உள்ள வந்த?”

“ஜேக்கப் பொண்ணு. தொட்டியில விஷக்காத்து இருக்கு சார். ஊதி வெளியேத்தாம யாரும் எறங்கக் கூடாது.”

“இந்தப் பொம்மை சொல்லுதா? மூர்த்தி, லோடு நிக்குது. ஆளுங்கள எறக்கு.”

மூர்த்தி நகரவில்லை. மேனேஜர் தாமே கயிற்றை இழுத்து டப்பாவை மேலே எடுத்தார். பின்மூடியைத் திருகி, பேட்டரிகளைத் தட்டித் தரையில் உதிர்த்தார்.

“அவ்ளோதான். செத்துப் போச்சு. இப்ப எறங்குங்க.”

எல்லாரும் அக்சாவின் கையைப் பார்த்தார்கள். சிவப்பு அப்படியே எரிந்தது.

“இது ஏன் இன்னும் எரியுது?” என்றார் மேனேஜர்.

“வாயப் பொத்தினாலும் செவப்புதான் சார். அப்டிதான் வெச்சிருக்கேன்.”

ஆட்களில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது. மூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தார்.

“சார், நீங்க மொதல்ல எறங்குங்க. பின்னாடியே நாங்க வர்றோம்.”

மேனேஜர் நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து வேன் நிறைய ஒப்பந்த ஆட்களை வரவழைத்தார். அவர்கள் வந்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், ஜேக்கப்பின் கதையை மூர்த்தி வாயால் கேட்டார்கள். வேனிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மதியத்துக்கு மேல், ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த காற்றூதும் பெரிய ஃபேனைச் சத்தார் பாய் உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார். அக்சா பேட்டரிகளைப் பொறுக்கிப் போட்டு டப்பாவை மறுபடி இறக்கினாள். ஃபேன் வெகுநேரம் ஓடியது. பச்சை வந்து, நிலைத்து நின்ற பிறகுதான் முதல் ஆள் ஏணியில் கால் வைத்தான்.

டேனரியிலிருந்து கல்லூரிக்கு போன் போனது. மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். “ஒரு வரி எழுதிடும்மா, நான் பேசி முடிச்சிடறேன்” என்றார் துறைத்தலைவர். அவர் கெட்டவர் இல்லை.

“செஞ்சது தப்புன்னா எழுதலாம் சார்.” இரண்டு போர்டுகளையும் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலை போயிற்று.

அன்று வீட்டில் பொன்மலர் எதுவும் கேட்காமல் மீன்குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது, “உங்கப்பன் ஒருத்தரு கிட்டயும் தலை குனிஞ்சதில்ல” என்று மட்டும் சொன்னாள்.

சத்தார் பாய் தமக்கிருந்த மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். சில்லைத் தனியாக வாங்கி, போர்டை அக்சா தானே வடிவமைத்தாள். அவளுடைய முதல் போர்டுகள் அசிங்கமாக இருந்தன. ஆனால் வேலை செய்தன. அப்பாவைப் பறித்த டேனரி கடைசிவரை அந்தக் கருவியை அனுமதிக்கவில்லை. மூர்த்தி அதைத் தம் சாப்பாட்டு அடுக்கில் வைத்துக் கொண்டுபோனார். ஃபேன் ஓடாமல் அங்கே இப்போது யாரும் இறங்குவதில்லை.

மற்ற டேனரிகளில் சிலர் வாங்கினார்கள், பலர் விரட்டினார்கள். விரட்டிய இடங்களுக்கு அவள் திரும்பப் போனாள். ராணிப்பேட்டையில் ஒரு கேட்டில் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது வாட்ச்மேன் அலுத்துப்போய்க் கேட்டார்.

“மறுபடியுமாம்மா? யாரத்தான் பாக்கணும் உனக்கு?”

“யாரையும் வேணாம்ணே. தொட்டியப் பாக்கணும்” என்று அக்சா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.