தறி நின்றால் பஃப்ஸ் உப்பும்

பிற்பகல் மூன்றரை மணி, பன்னிரண்டு பஃப்ஸ், முனிரத்தினம். ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டுப் பலகாரத் தொழில் இந்த மூன்றோடு தொடங்கியது. அரை மணியில் மொறுமொறு பஃப்ஸ் என்று யாரோ சொன்னதை நம்பி ஓவன் வாங்கியவர்களுக்கு, அந்த அரை மணி எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தட்டு

வெண்ணெய் வைத்து மாவை மடித்துத் தேய்க்க எங்கள் ஊர் வெயில் விடாது. அதனால் திருப்பதிக் கடையிலிருந்து உறையவைத்த பஃப்ஸ் ஷீட் வாங்கி வந்தேன். என் மனைவி கௌரி உருளைக்கிழங்கு மசாலா வைத்து மடித்தாள். முக்கோணமாக உள்ளே போனது முக்கோணமாகவே வெளியே வந்தது, உயரம்தான் கூடவில்லை. வெண்ணெய் தட்டில் குளமாக நின்றது. பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் முனிரத்தினம் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"துன்றதுக்கு நல்லாத்தான் கீது சார். பஃப்ஸுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஞாயிறு மட்டும்

அதே ஷீட், அதே மசாலா, ஞாயிற்றுக்கிழமை தலையணைபோல் உப்பியது. திங்களன்று மறுபடி தட்டையாகிவிட்டது. கௌரி முதலில் ஷீட்டைச் சந்தேகித்தாள், பிறகு அதை வாங்கி வந்த என்னை. திருப்பதிக் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். ஞாயிறன்று உங்கள் தெருவில் எது ஓடாது என்று கேட்டார். தறி என்றேன். தெலுங்கு கலந்த தமிழில் கரண்டைப் பார்க்கச் சொன்னார்.

"ஷீட்டு மேல தப்பு லேது சார். மீ கரண்ட் சூடண்டி."

முதலாளியின் ஆர்டர்

பார்த்தேன். பக்கத்தில் தறிகள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஓவன் விளக்கு மங்கியது. சூடு ஏறுவதற்குள் வெண்ணெய் உருகி ஓடிவிடுகிறது. ஆனால் ஞாயிறு தவிரத் தறி நிற்பதில்லை. தறிக்காரர்கள் மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவார்கள். ஒருவர் சாப்பிடும்போது அவர் தறியை இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.

இந்த நிலையில், கூடத்து முதலாளி தன் மகள் வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை முப்பது பஃப்ஸ் வேண்டும் என்றார். எங்களுக்கு அதுதான் முதல் ஆர்டர். அதுவும் தட்டையானால் ஓவனை விற்றுவிடுவது என்று கௌரி முடிவு செய்திருந்தாள். முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தறிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ என் பொண்ணு வளகாப்ப என் தறியே கெடுக்கப் பாக்குதுன்றீங்க."

ஒரு மணி நேரம்

வெள்ளி மதியம் முதலாளி சொன்னபடி எல்லாத் தறியும் ஒரு மணி நேரம் நின்றது. காது அடைத்துக்கொண்டதோ என்று தோன்றியது. கௌரி ஓவன் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. மெல்ல ஓரங்கள் எழுந்தன. ஏடு ஏடாகப் பிரிந்து, பழுப்பேறி நின்றன. தட்டுக்குப் பதினெட்டு வீதம் நெருக்கி வைத்த இரண்டு தட்டும் அப்படியே வந்தன. கௌரி அடுத்த வாரத்துக்கு எத்தனை ஷீட் என்று மட்டும் கேட்டாள்.

கூடுதலாகச் செய்ததில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். தறிக்காரர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, டப்பாக்களை நடுவில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் பஃப்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்த்தறிக் குமாரின் டப்பாவில் கை வைத்திருந்தார்.

"பத்து வருசமா ஒண்ணா வேல செஞ்சிக்கினு கீறோம் சார். இவன் வூட்டுக் கொழம்பு எப்பிடி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

கார்த்திகை முதல் தேதி தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. இப்போது பஃப்ஸ் எல்லா நாளும் உப்புகிறது, அவர்கள் பழையபடி மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்கள்.