முதலாளியின் ஜெர்மன் கிட்டார்

சிவகாசி அச்சாபீஸில் பி.ஏ. படித்தவனை எடுப்பது இங்கிலீஷ் புரூப் பார்க்கத்தான். ஆனால் இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு எல்லாமே தெரியும் என்ற நம்பிக்கையும் வேலையோடு சேர்ந்து வரும். அங்கே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிட்டார் வந்த கதை நான் கண்டதல்ல, கேஷியர் சொன்னது. எங்கள் லேபிள்களுக்கு ஆர்டர் பிடிக்கும் கல்கத்தா ஏஜென்ட், ஏலத்தில் எடுத்த பழைய மின்சார கிட்டார் ஒன்றை, ஜெர்மனிச் சாமான் என்று சொல்லி முதலாளிக்குப் பரிசாக அனுப்பினாராம். மெட்ராஸில் படிக்கும் வருங்கால மருமகனுக்கு அதைக் கொடுக்க முதலாளிக்கு ஆசை. சுங்கத் தீர்வை கட்டாத கள்ளச் சரக்காக இருந்தால் சம்பந்தி வீட்டில் மானம் போகுமே என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. முதலாளி கூப்பிட்டார்.

“இது எங்கன செஞ்சதுன்னு விசாரிச்சு, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி. உங்க வேலை விஷயத்தை அதுக்கப்புறம் பேசுவோம்.”

ஓட்டை இல்லாத வாத்தியம்

காரியாபட்டிப் பக்கம் பருத்திக் காட்டில் வளர்ந்த நான் கிட்டாரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதில் நடுவே வட்ட ஓட்டை இருக்கும். இது வெறும் பலகை. உடைந்ததை அடைத்துவிட்டார்களோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். பிறகு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். “பிள்ளை முழிச்சிரப் போவுது, மெல்லப் பிடிங்க” என்றார் கண்டக்டர்.

ரேடியோ கடைக்காரர், ஒரு ரேடியோவில் கிராமபோன் வயர் செருகும் துளையில் இதன் வயரைச் செருகிக் கம்பியைச் சுண்டினார். ரேடியோ பெட்டி அலறியது. எதிரே மிளகாய் மூட்டை இறக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டேன்.

“சத்தம் வருது தம்பி. அது எந்தூருச் சத்தம்னு கேட்டா நான் எங்கன போவேன்?”

தங்கச் சிங்கம்

பின்பக்கம் துடைத்தபோது அழுக்குக்கு அடியில் ஒரு லேபிள் தெரிந்தது. தங்க நிறச் சிங்கம்; கீழே ‘மேட் இன் ஜெர்மனி’. ஓடிப்போய்க் காட்டினேன். முதலாளி முகம் மலர்ந்தது, உடனே வாடியது. ஜெர்மனி என்றால் தீர்வை கட்டிய ரசீது வேண்டுமே.

“ஜெர்மனின்னும் இருக்கணும், கள்ளச் சரக்குன்னும் ஆயிரக் கூடாது. ரெண்டுக்கும் தோதா எழுதுங்க.”

தோதாக எழுத எனக்கு வரவில்லை. பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

அடியில் ஒரு மயில்

அந்த வாரம் ஒரு பல்பொடி லேபிளுக்குப் புரூப் பார்த்தேன். அதே சிங்கம். வால் நுனி அறுந்திருப்பதுகூட அப்படியே. படத்தை அச்சுக் கல்லில் வரைந்து வைத்துக்கொண்டு, எந்த வியாபாரி வந்தாலும் அவர் கேட்ட எழுத்தைச் சேர்த்து அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். கிட்டாரில் இருந்த லேபிளை ஈரத்துணி வைத்து உரித்தேன். அடியில் ஒரு மயில். ‘மேட் இன் ஜப்பான்’. நாங்கள் அடித்த லேபிள்களை ஒட்டிவைக்கும் மாதிரி ஆல்பத்தில் அதுவும் இருந்தது. மயிலையும் உரித்தேன். மொட்டைப் பலகை. போர்மேனிடம் கேட்டேன்.

“ஆர்டர் வந்துச்சு, அடிச்சோம். எதுல ஒட்டுவீகன்னு கேட்டுக்கிட்டா லோடு அனுப்ப முடியும்?”

கையெழுத்து

‘லேபிள்கள் சிவகாசி. கிட்டார் எந்த ஊர் என்று தெரியவில்லை’ என்று எழுதி, வேலை போயிற்று என்று நினைத்தே கையெழுத்துப் போட்டேன். முதலாளி நிதானமாகப் படித்தார்.

“தெரியாதுன்னு சொல்லவா பி.ஏ. படிச்சீக?” என்றார். கிட்டாரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். “மருமகனுக்குக் கைக்கடிகாரமே வாங்கிருவோம். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுற ஆளு இந்த ஆபீஸ்ல வேற இல்ல. நீங்க இருங்க.”

நிரந்தர உத்தரவு கைக்கு வந்தபின் ஆல்பத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்: உத்தரவுத் தாளின் தலைப்பில் அச்சாகி நிற்பதும் வால் நுனி அறுந்த அதே சிங்கம்தான்.