ஆனி கடைசியில் ஒரு பிடி மண்

உயரழுத்த மின்பாதை போடுவதில் போட்டி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எங்கள் தென்காசி மின்வாரிய அலுவலகத்தில் முதலில் எழுந்தது சிரிப்புதான். அதுவரை எந்த லைன் போட வேண்டியிருந்தாலும் அது எங்களுக்கே வரும். கேட்க ஆள் கிடையாது. இனிமேல் டெண்டர் விடுவார்கள், குறைந்த ஆண்டுக் கட்டணம் கேட்பவருக்கே வேலை, கட்டியவரே பல பத்தாண்டுகளுக்கு அதற்குச் சொந்தக்காரர், வேண்டுமானால் நாங்களும் மற்றவர்களோடு வரிசையில் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது.

"மேடம், டவரு என்ன வாடகைச் சைக்கிளா?" என்று கேட்டார் எங்கள் ஃபோர்மேன். கடையநல்லூர்க்காரர். அண்ணன் தம்பி அத்தனை பேரும் வளைகுடாவில் இருக்க, ஊரில் இருந்தாக வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர். பொறியாளர் நான்தான் என்றாலும், லைன் ஆட்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

முதல் டெண்டரில் தோற்றோம். தோற்ற விதம்தான் வெட்கக்கேடு. வேலை அட்டவணையில் ஆடி மாதத்தை மொத்தமாகக் காலியாக விட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் புதிதாக ஒன்றைத் தொடங்க மாட்டார்கள்; தோட்டத்தில் குழி தோண்டவும் விட மாட்டார்கள். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழை குழியில் நிற்கும். வேலை இழுக்கும், காற்றாலைகள் ஓடும் அடுத்த காற்றுக் காலமும் கைவிட்டுப் போகும். இதெல்லாம் எங்களுக்குப் பரம்பரையாகப் பழகிப்போன விஷயம். போட்டியே இல்லாத காலத்தில் அதனால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. போட்டிக்கு வந்த வெளியூர் நிறுவனத்துக்கோ ஆடியும் ஒரு மாதம், ஆவணியும் ஒரு மாதம். எங்களைவிடக் குறைத்துக் கேட்டார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். ஆடி பார்த்து டெண்டரைத் தொலைத்த ஆபீஸ் என்று திருநெல்வேலி வரைக்கும் எங்களுக்குப் பேர்.

அவர்கள் ஆடியில் தோண்டப் போனபோது இலத்தூர்ப் பக்கம் தோட்டக்காரர்கள் கூடி நிறுத்திவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் ஆடி போனதும் அத்தனை தோட்டத்திலும் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கி, நாங்கள் கேட்டிருந்த தேதிக்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் காபி கேட்கவில்லை.

இரண்டாவது டெண்டர் கடையம் பக்கத்துக் காற்றாலைகளுக்கானது. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில்தான் கணவாய்க் காற்றும் வீசும்; காற்றாலைகள் முழுமூச்சாகச் சுற்றும்; அந்த மின்சாரத்தை எடுத்துப் போகத்தான் கம்பி போதவில்லை. இதையும் விட்டால் தென்காசியில் கட்டுமானப் பிரிவே வேண்டாம், ஆட்களைப் பிரித்து வேறு மாவட்டங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. ஃபோர்மேன் அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

எனக்கு ஆத்திரம் வந்தால்தான் புத்தி வேலை செய்யும். ஆடியில் தொடங்கத்தானே கூடாது? தொடங்கியதைத் தொடரலாமே. எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் அவசரமென்றால் ஆனியிலேயே பூஜை போட்டு ஒரு பிடி மண் எடுத்துவிட்டு, ஆடியில் வேலையை நடத்துவதில்லையா? ஒரு வீட்டுக்குச் செய்வதை ஒவ்வொரு டவருக்கும் செய்தால் என்ன?

டெண்டரில் விலை கேட்பதற்கு முன்னாலேயே பாதையில் இருக்கிற ஒவ்வொரு தோட்டக்காரரையும் பார்க்கக் கிளம்பினோம். எங்கள் அலுவலகம் அதற்கு முன் செய்யாத காரியம் அது. வழக்கமாக அளவுக் கல் நட்டுவிட்டுத்தான் ஆளைத் தேடுவோம். பெரும்பாலானவர்கள் தலையாட்டினார்கள். கடையத்துக்கு மேற்கே எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. லைன் திரும்புகிற இடம் அவர் தோட்டம். அவரை விட்டால் வேறு வழியில்லை.

"ஆடில என் தோட்டத்துல கடப்பாரை விழப்பிடாது. அதுல மாத்தமே கிடையாது."

"ஆனியிலயே விழுந்துட்டா, அண்ணாச்சி?"

"ஆனில விழுந்தா அது ஆனிக் கணக்குதான். ஆனா முறையா விழணும். சூடம் காட்டணும், தேங்கா உடைக்கணும், என் கையால மண்ணெடுக்கணும். சும்மா பேருக்குக் கொத்திட்டுப் போனிய, உள்ள விட மாட்டேன் பாத்துக்கிடுங்க."

ஆடியையும் வேலை மாதமாகச் சேர்த்து விலை கேட்டோம். கிடைத்தது. ஆனால் உத்தரவு கைக்கு வருவதற்குள் ஆனி கரைந்துகொண்டிருந்தது. ஆட்களைப் பிரித்து அனுப்பி ஒவ்வொரு தோட்டமாகச் சூடம் காட்டி மண் எடுத்தோம். பொருட்களை ஏற்றிக்கொண்டு ஓடியதில் கடையத்து எலுமிச்சைத் தோட்டம் கடைசியாகப் போயிற்று. ஆனியின் கடைசி நாள், பொழுது சாய்கிற நேரம்.

அன்றைக்கென்று காற்று பேயாக வீசியது. கூடவே சாரல். போலீஸ்காரர் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி நின்றார். சூடத்தை ஏற்றினால் உடனே அணைந்தது. சட்டிக்குள் வைத்தோம், அணைந்தது. குடையைப் பிடித்தோம், குடை மடங்கிப் பின்னால் போனது.

"சூடம் நிக்கலேன்னா நான் மண்ணத் தொட மாட்டேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. விடிந்தால் ஆடி. இந்த ஒரு குழி நின்றால் லைன் நிற்கும். லைன் நின்றால் என் ஆட்கள் ஆளுக்கொரு மாவட்டம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காற்றைத் திட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஃபோர்மேன்தான் முதலில் உட்கார்ந்தார். சேற்றில் முழங்காலிட்டு, மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துக் காற்றுக்கு முதுகைக் காட்டினார். "எல, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? வந்து ஒட்டி உக்காருங்கலே!" என்று ஒரு சத்தம். அத்தனை பேரும் வந்து தோளோடு தோள் இடித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வட்டத்துக்கு நடுவில் போலீஸ்காரர் குனிந்து சூடத்தை ஏற்றினார். சுடர் ஆடியது, சாய்ந்தது, பிறகு நின்றது. அது முழுவதும் எரிந்து முடியும்வரை ஃபோர்மேன் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார்.

போலீஸ்காரர் தேங்காய் உடைத்து, கடப்பாரையை இறக்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார். "ஆரம்பிச்சாச்சு. இனி ஆடியாவது ஒண்ணாவது, நீங்க பாட்டுக்கு வேலயப் பாருங்க" என்றார்.

அடுத்த காற்றுக் காலத்துக்கு முன்னால் லைனில் மின்சாரம் ஓடியது, சொன்ன தேதியில். நான் எத்தனையோ லைன் போட்டிருக்கிறேன்; எதற்கும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. தானாக மடியில் வந்து விழுந்ததற்கும் நாலு பேரோடு நின்று வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. போட்டியைக் கொண்டுவந்தவர்களை ஒரு காலத்தில் நான் திட்டாத திட்டில்லை. இப்போது திட்டுவதில்லை.

போன மாதம் அந்த வெளியூர் நிறுவனத்தின் மேலாளர் எங்கள் துணைமின் நிலையத்துக்கு வந்திருந்தார். என் கண் எதிரிலேயே ஃபோர்மேனிடம், "எங்களிடம் வந்துவிடுங்கள், இரண்டு மடங்கு தருகிறோம்" என்றார். என்னால் அதில் பாதிகூடக் கூட்டிக் கொடுக்க முடியாது.

ஃபோர்மேன் இத்தனை வருடமும் நாங்கள் போட்ட எதையும் "ஆபீஸ் லைன்" என்றுதான் சொல்லிவந்தார். அன்று கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நான் வந்துட்டா எங்க லைன யாரு சார் பாத்துக்கிடுவா?" என்றார்.